நாலு சொட்டுப் பொறுமை

மே 4, ஞாயிறு

தினமும் எழுத வேண்டுமாம். என்ன கோபம், யார் மேல் கோபம், எப்போது தணிந்தது என்று எழுதிக்கொண்டே வந்தால், எந்தப் பூவின் மருந்து எனக்குப் பொருந்தும் என்று பிடித்துவிடலாமாம். ஈரோட்டில் மலர் மருத்துவம் பார்க்கும் லோகநாதன் சொன்னார். சரி, எழுதுகிறேன். முதல் கோபம் அவர் மேல்தான்.

செல்போன் கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை. சுவர் முழுக்க நான் கண்ணால் பார்த்திராத சீமைப் பூக்களின் படங்கள். மனுஷர் இருபது வருஷம் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தவராம். பேச்சில் அது இன்னும் போகவில்லை. என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டுக்கும் என் வீட்டுக்காரர் குழந்தைவேலுதான் பதில் சொன்னார்.

"இவளுக்குக் கோவம் ஜாஸ்திங்க. கர்ப்பப்பை எடுத்ததுல இருந்துதானுங்க. எடுத்தெறிஞ்சு பேசறா. காரணமே வேண்டியதில்ல."

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கர்ப்பப்பையைப் பற்றி முன்பின் தெரியாத ஆளிடம் உரமூட்டை விலை சொல்கிற குரலில் சொல்கிறார். உரக்கடை வைத்திருப்பவருக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு குரல்தான்.

ஒரு சின்ன பாட்டில் கொடுத்தார்கள். அரை டம்ளர் தண்ணீரில் நாலு சொட்டு, ஒரு நாளைக்கு நாலு வேளை. மூடியைத் திறந்தால் பிராந்தி வாசம். பீடிகூடக் குடிக்காத என் வீட்டுக்காரர் பதறிப்போய்விட்டார். கெடாமல் இருக்கச் சேர்ப்பதுதான், போதையெல்லாம் வராது என்று லோகநாதன் சமாதானம் சொன்னார். வந்தால் தேவலை என்று நான் நினைத்தேன்.

காரணமே வேண்டியதில்லையாம். காரணத்தை எழுதுகிறேன். மகள் தாரணிக்குப் பத்தொன்பது வயது. மாதாமாதம் வயிற்றுவலி. என் வீட்டுக்காரரின் பெரியம்மா மகள், பவானியில் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் சுலோசனா அண்ணி, போன வாரம் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு நீர்க்கட்டி என்றார். கட்டியோடு அந்தப் பக்கத்துச் சினைப்பையையும் எடுத்துவிடலாம், ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறதே என்றார். தோட்டத்தில் இரண்டு முருங்கை மரம் நிற்பது போலச் சொன்னார். கத்திரி வெயிலில் புண் ஆறாது என்று, கத்திரி கழிந்த மறுநாள், 29ஆம் தேதி, வளர்பிறை வியாழக்கிழமையில் நாளும் குறித்துவிட்டார்கள்.

நான் அங்கேயே கத்தினேன். எதற்கு எடுக்க வேண்டும், மாத்திரையில் போகாதா என்று கேட்டேன். அண்ணி என்னைப் பார்க்கவில்லை. தம்பி முறையான என் வீட்டுக்காரரைப் பார்த்து, "கலாவுக்கு மொதல்ல ஏதாச்சும் பாருப்பா" என்றார்.

அப்படித்தான் மகளுக்குக் கத்தியும் எனக்குப் பூவும் முடிவாயிற்று.

மே 5, திங்கள்

நாலு வேளையும் சொட்டு போட்டாயிற்று. உளுந்து சரியாக ஊறவில்லை, விற்பதற்கு அரைத்த மாவு பொங்கவில்லை. தெருவில் என்னிடம் மாவு வாங்கும் இரண்டு வீட்டில் இட்லி கல்லாக இருந்ததாகச் சொல்லி அனுப்பினார்கள். கோபம் உளுந்து மேல். இன்னும் தணியவில்லை.

மே 7, புதன்

இந்த வீட்டில் இனி நான் எதையும் பேச முடியாது. காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது, புக் பண்ணச் சொல்லி நாலு நாளாயிற்றே என்றேன். "சொட்டு போட்டியா?" என்றார். மத்தியானம் கரண்ட் போய் கிரைண்டர் பாதியில் நின்றது. சே என்றேன். "சொட்டு போட்டியா?" பொழுதோடு அவர் தம்பி ஒருவர் முன்னறிவிப்பில்லாமல் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு சாப்பிட வந்தார். ஒரு வார்த்தை போனில் சொல்லியிருக்கலாமே என்று சமையலறையில் மெதுவாகத்தான் சொன்னேன். பாட்டிலையே எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கடைக்குப் போகும் முன் ஒருமுறை, சாப்பிட வரும்போது ஒருமுறை என்று டம்ளரில் தண்ணீர் எடுத்து, கண்ணைச் சுருக்கி எண்ணி எண்ணிச் சொட்டு விட்டுக் கொடுக்கிறார். கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர் இல்லை. இப்போது கொடுக்கிறார், நான் வாயை மூடுவதற்காக.

மே 10, சனி

மனசில் பழைய விஷயம் எதுவும் இருந்தால் எழுதச் சொல்லியிருந்தார் லோகநாதன். இருக்கிறது.

நான்கு வருஷத்துக்கு முன் எனக்கு மாதவிலக்கு பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று நிற்காமல் போனது. சுலோசனா அண்ணியிடம் போனோம். வேறு இடத்துக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும், அக்கா நம் வீட்டு ஆள், வெளியே விடமாட்டார் என்றார் இவர். இப்போது தாரணிக்கும் அதே பேச்சுதான். நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழக் கூடாதாம்.

அண்ணி ஒருமுறை பார்த்தார். அடுத்த முறை, "வேலை முடிஞ்ச பை கலா. இத வெச்சுட்டு எதுக்குக் கஷ்டப்படறே?" என்றார். பிறகு இவரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ பேசினார். இவர் வெளியே வரும்போது எல்லாம் முடிவாகிவிட்டது. ஏங்க இவ்வளவு அவசரம் என்று கேட்டேன். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். நான் தலையை ஆட்டினேன். எனக்கு அப்போது முப்பத்தெட்டு.

ஒன்று பெற்றாயிற்று, இனி எதற்கு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

கிரைண்டர் பெல்ட் தேய்ந்துவிட்டது. மாற்ற வேண்டும்.

மே 13, செவ்வாய்

வெயிலில் வாய் முழுக்கப் புண். இரண்டு நாளாகப் பேச முடியவில்லை. மோரும் மணத்தக்காளி ரசமுமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இவர் போனில் அண்ணியிடம், "நல்லா வேலை செய்யுதுக்கா. சத்தமே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வாயைத் திறந்தால் புண் வலிக்கும் என்பதால் இரண்டையும் செய்யவில்லை.

மே 16, வெள்ளி

பாட்டில் தீர்ந்தது. கடையில் சரக்கு இறங்கும் நாள் என்று என்னைத் தனியாக அனுப்பினார். மாடியேறும்போதே தீர்மானித்துவிட்டேன், இந்த மனுஷரை இன்று ஒரு கை பார்ப்பது என்று.

உங்கள் மருந்து வெறும் பிராந்தித் தண்ணீர் என்றேன். இருக்கலாம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றார், கோபப்படாமல். அதுவே எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. ஊமத்தம்பூ கிடைத்தால் அதையும் விற்பீர்களா என்றேன். அவர் காத்திருந்தார். பாலிசி எடுக்கமாட்டேன் என்று சொல்பவர்கள் முன்னால் இப்படித்தான் இருபது வருஷம் உட்கார்ந்திருப்பார்போல.

பிறகு சொன்னார். "மத்த வைத்தியத்துல எங்க வலிக்குதுன்னு கேப்பாங்க. எங்களுக்கு அது போதாதுங்க. கோவம்னா என்ன கோவம்னு தெரியணும். பொறாமைல வர்ற கோவத்துக்கு ஒரு பூ. பொறுமை இல்லாத கோவத்துக்கு வேறொண்ணு. போன தடவை உங்க வீட்டுக்காரர் சொன்னத வெச்சுக் கொடுத்தேன். அது என் தப்பு. நீங்க சொல்லுங்க, ஏன் கோவம்?"

நான்கு வருஷமாக இந்த வீட்டில், உறவில், தெருவில் எல்லோரும் என் கோபத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. கடைசியில் காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டார்.

சொன்னேன். அண்ணியை, தாரணியை, 29ஆம் தேதியை, எல்லாவற்றையும் சொன்னேன். என் கதையையும் சொன்னேன். அவர் வழக்கமான பேச்சை விட்டுவிட்டுக் கேட்டார். முடித்ததும் முதலில் சொன்னது, இந்தச் சொட்டெல்லாம் கட்டிக்கு இல்லை, கட்டியைக் கரைக்கிறேன் என்று மலர் மருத்துவர் எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள் என்பதுதான். பெண்ணை வேறு நல்ல டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள், இன்றைக்கே நாள் வாங்குங்கள் என்றார். மனசுக்கு வேண்டுமானால் அதோடு இதையும் எடுத்துக்கொள்ளலாம், அதற்குப் பதிலாக இது இல்லை என்றார்.

"உங்க கோவத்த நான் குறைக்கப் போறதில்லீங்க. அது சரியான கோவம். உங்க தொந்தரவு வேற. அன்னிக்கு உங்களால வேண்டாம்னு சொல்ல முடியல. இன்னிக்கும் கத்தறீங்களே ஒழிய, வேண்டாம்னு சொல்லல."

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆளை அறையலாம்போல இருந்தது. ஏனென்றால் நான் கேள்விதான் கேட்டிருக்கிறேன். எதற்கு எடுக்க வேண்டும், மாத்திரையில் போகாதா என்று. எடுக்கக் கூடாது என்று நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

வேறு பாட்டில் கொடுத்தார். சென்டாரி என்று ஒரு பூ. யாருக்கும் மறுத்துச் சொல்லத் தெரியாமல் தலையாட்டுகிறவர்களுக்காம். பஸ்ஸில் வரும்போது எண்ணிப் பார்த்தேன், எங்கள் தெருவுக்கே ஒரு டேங்கர் லாரி வேண்டியிருக்கும்.

மே 17, சனி

புது மருந்தா என்றார் இவர். ஆமாம் என்றேன். இன்னும் கொஞ்சம் வேகமாக வேலை செய்யுமா என்றார். பார்க்கலாம் என்றேன். காலையில் அவரே எண்ணி நாலு சொட்டு விட்டுக் கொடுத்தார்.

மே 20, செவ்வாய்

தாரணிக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். எண்ணெய் வைத்து முடித்து, பின்னல் பாதி போட்டபிறகு பேசினாள்.

"பயமா இருக்குதும்மா. காலேஜ்ல ஒரு புள்ளைக்கு இதே மாதிரி கட்டி இருந்துச்சு, தானா போயிருச்சுன்னா. அத்தகிட்டக் கேக்கலாம்னு வாயத் தொறந்தேன். அப்பா என்னையே பாத்துட்டு நின்னாரு. அப்பறம் சரிங்கத்தைன்னு சொல்லிட்டேன்."

அப்படியே என் வார்ப்பு. எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று தெரியவில்லை, எல்லோர் மேலும்தான். பின்னலை இறுக்கிப் போட்டுவிட்டேன்போல, அம்மா வலிக்குது என்றாள்.

என் பாட்டிலிலிருந்து நாலு சொட்டு அவள் மோரிலும் விட்டேன். நம்பிக்கை இல்லாதவள் செய்கிற காரியமா இது? செய்தேன்.

மே 22, வியாழன்

காலேஜுக்குச் சுடிதார் எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு நானும் தாரணியும் கோயம்புத்தூர் போனோம். பெரிய ஆஸ்பத்திரி. டாக்டரம்மாவுக்கு என்னைவிட வயது குறைவு. மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். திரையைத் தாரணி பக்கம் திருப்பி, அவளிடமே விளக்கினார். வெறும் தண்ணீர் நிரம்பிய சின்னக் கட்டி, இந்த வயதில் வருவதும் போவதும் சகஜம், சினைப்பையைத் தொடவே வேண்டியதில்லை, வலிக்கு மாத்திரை போதும், மூன்று மாதம் கழித்து ஒரு ஸ்கேன் பார்க்கலாம் என்றார். வலி திடீரென்று அதிகமானால் உடனே வர வேண்டும் என்று மட்டும் எச்சரித்தார்.

எழுந்திருக்கும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. எனக்கு நான்கு வருஷத்துக்கு முன் கர்ப்பப்பை எடுத்தார்கள் என்றேன். எதற்காக என்றார். ரத்தப்போக்கு என்றேன். அதற்கு முன் என்ன மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள் என்றார். எதுவும் கொடுக்கவில்லை என்றேன். சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்களா என்றார். இல்லை என்றேன்.  டாக்டரம்மா கதவு வரை வந்து வழியனுப்பினார். வெளியே வரிசையில் அத்தனை பேர் காத்திருக்க, அந்த அம்மாள் எனக்காக எழுந்து கதவு வரை வந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் தாரணி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் தூங்கவில்லை. சுடிதார் எடுக்க மறந்துவிட்டோம்.

மே 23, வெள்ளி

வீட்டுக்காரரிடம் சொன்னேன், எல்லாவற்றையும். நின்று நிதானமாக, குரல் உயராமல்தான் சொன்னேன். முழுதாகக் கேட்டார். முகம் வெளுத்துப்போயிற்று. கடைசியில், "சொட்டு போட்டியா?" என்றார்.

நான் டம்ளரைச் சுவரில் எறிந்தேன். எவர்சில்வர் என்பதால் உடையவில்லை, நசுங்கியது.

பிறகு இவர், கோயம்புத்தூர்க்காரர்கள் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வார்கள், அக்கா தாரணியைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவர், 28ஆம் தேதி அட்மிஷனுக்குப் போகும்போது அவரிடமே கேட்டுக்கொள்ளலாம் என்றார். நீயும் நானும் டாக்டரா என்றார். அவர் பயப்படுகிறார். எதற்கு இப்படிப் பயப்படுகிறார் என்று தெரியவில்லை. பயப்பட வேண்டியவள் தாரணி.

மே 26, திங்கள்

பேச்சுவார்த்தை இல்லை. மாவு நன்றாகப் பொங்கியது.

மே 28, புதன்

 இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பொழுது சாய எங்கள் ஆம்னி வேனில் பவானிக்குப் போனோம். போகமாட்டேன் என்று வீட்டிலேயே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நான் இல்லாமல் அவளை அழைத்துப் போய்விடுவார்கள். அதனால் நானே முதலில் ஏறி உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தாரணியின் கையில் ஊசிக்கு நரம்பு தேட ஆரம்பித்துவிட்டாள். கொஞ்சம் நிறுத்தும்மா என்றேன். அண்ணி வந்தார். இவர் கோயம்புத்தூர் விஷயத்தைத் தட்டுத் தடுமாறிச் சொன்னார். அண்ணிக்குக் கோபமே வரவில்லை. சிரித்தார். என் தோளில் கை வைத்து, எத்தனை பேரிடம் காட்டினாலும் கட்டி கட்டிதான் என்றார். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு மனசு இப்படித்தான் அலைபாயும், ரங்கராட்டினம் மாதிரி, போகப்போகச் சரியாகும் என்றார்.

"வேண்டாங்க அண்ணி" என்றேன்.

குரல் சின்னதாகத்தான் வந்தது. இன்னொரு முறை சொன்னேன். "என் புள்ளைக்கு எடுக்க வேண்டாம்."

அண்ணி என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, வழக்கம்போலத் தம்பியைப் பார்த்தார். "நீ சொல்லு குழந்தைவேலு. வெளிய கூட்டிட்டுப் போயி காத்தாட உட்கார வை." இவர் என் பக்கம் ஓர் அடி எடுத்துவைத்தார். அப்போது கட்டிலிலிருந்து தாரணி பேசினாள். "எனக்கும் வேண்டாங்கத்தை." அவள் அப்பாவைப் பார்க்காமல், தரையையும் பார்க்காமல், நேராக அண்ணியைப் பார்த்துச் சொன்னாள்.

அண்ணியின் முகம் அப்போதுதான் மாறியது. சின்னப் பிள்ளையைக் கெடுத்து வைத்திருக்கிறாய் என்றார் என்னிடம். நல்லது சொன்னால் இந்தக் காலத்தில் யாருக்கும் பிடிப்பதில்லை, உனக்கு நான் கெட்டதா செய்தேன் என்றார்.

நான் கேட்டேன். இதைக் கேட்கப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"எனக்கு எடுத்தீங்களே, அதுல என்னங்க இருந்துச்சு?"

"உனக்கா? உனக்கு ஒண்ணும் பெருசா இல்ல கலா. பின்னாடி தொந்தரவு வந்துரக்கூடாதுன்னு எடுத்து விட்டேன். நம்ம வூட்டுப் புள்ளைன்னுதான்."

அவ்வளவு இலகுவாகச் சொன்னார். அவருக்கு அதில் மறைக்க எதுவுமில்லை. பொய் சொல்லியிருந்தால்கூட நான் கொஞ்சம் மதித்திருப்பேன்.

தாரணியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். இவர் பின்னாலேயே வருகிறாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்து வந்தார். சாவியைப் போட்டார். திருப்பவில்லை.

"எங்கிட்ட அப்படிச் சொல்லல கலா" என்றார். "புத்துநோய் ஆரம்பம்னாங்க. விட்டா ஒரு வருசம் தாங்கறது கஷ்டம்னாங்க. உங்கிட்டச் சொல்ல வேண்டாம், பயந்துக்குவேன்னாங்க. நாலு வருசமா அது திரும்பி வந்துருமோன்னுதான்..."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தாரணி பின் சீட்டிலிருந்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். நான் தடவிக் கொடுக்கவில்லை. இந்த மனுஷர் நான்கு வருஷமாக என்னைச் சாகப்போகிறவளாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தெரியாமல், எனக்கு இல்லாத நோயை, அவர் ஒருவராகச் சுமந்திருக்கிறார். பாவம்தான். ஆனால் அந்தப் பாவத்தைப் பார்த்து உருகுவதற்கு என்னிடம் இன்று எதுவும் மிச்சமில்லை.

கொஞ்சம் தேறியதும் நிமிர்ந்தார். குற்றம் சொல்கிற குரலில் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி கேட்டார்.

"நீ ஏன் கலா அன்னிக்கே வேண்டாம்னு சொல்லல?"

"எங்கிட்ட யாருங்க கேட்டீங்க?" என்றேன்.

 அவர் வண்டியை எடுத்தார். 

மே 29, வியாழன்

காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன் என்று வைத்திருந்தார்கள். ஒன்பது மணிக்குத் தாரணி கைகால் பரப்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தையும் அவள் வயிறு ஏறி இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதரை ஆனபிறகுதான் எழுந்தேன்.

இவர் கடைக்குப் போகவில்லை. குளித்துவிட்டு, சட்டை போட்டுக்கொண்டு, கழற்றிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டு அலைந்தார். கடைசியில் சமையலறை வாசலில் வந்து நின்று, கலா, நான் உன்கிட்ட ஒண்ணு கேக்கோணும் என்று ஆரம்பித்தார். கண் கலங்கியிருந்தது. மன்னிப்புத்தான் கேட்பார் என்று தெரிந்தது. கேட்டுவிட்டால் நான் சரி என்று தலையாட்டிவிடுவேன் என்றும் தெரிந்தது.

"இன்னிக்கு வேண்டாங்க" என்றேன்.

எனக்குக் கோபம் தீர இன்னும் நாளாகும். அவர் காத்திருக்கட்டும்.